மூன்று சாணுக்கு ஒரு காயம்

எழிலைக் கோர்ட்டில் ஒப்படைக்க இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. இன்று சனிக்கிழமை, நான்கு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறோம், அதற்குள் வேறு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள், பிறகு ரிமாண்டுதான் என்று இன்ஸ்பெக்டர் போனில் சொல்லியிருந்தார். துப்பறிவாளர் பங்காரு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று.

அவர் நின்றிருந்த இடம், பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தகரக் கொட்டகை. 'தம்பிதுரை மரப் பணி நிலையம்' என்று வாசலில் பலகை. வீட்டின்மேல் சாய்ந்த மரங்களை, ஓடு உடையாமல், சுவர் இடியாமல், துண்டு துண்டாக இறக்கிக் கொடுப்பது அவர்கள் தொழில்.

நடந்தது இவ்வளவுதான். புதன்கிழமை காலை, சாயிபாபா காலனி பங்களா ஒன்றில், தூங்குமூஞ்சி மரத்தின் கிளையைக் கழிக்க ஏறிய சென்னியப்பன், இடுப்புக் கயிறு அறுந்து இருபதடி உயரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது. இடுப்பும் வலது காலும் முறிந்தன. இனி அவர் மரம் ஏறப் போவதில்லை.

கீழே நின்று கிளைகளை இறக்குகிறவன் எழில். மெஷின் ரம்பத்தோடு மேலே ஏறத் தனக்கும் வாய்ப்பு வேண்டும் என்று கேட்டு, திங்கட்கிழமை டீக்கடையில் சென்னியப்பனிடம் சண்டை போட்டிருந்தான். நீ கீழே வந்தால்தான் நான் மேலே போக முடியும் என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னான். புதன்கிழமை சென்னியப்பன் கீழே வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை எழிலின் பெயரைப் போலீசில் சொன்னவர் முதலாளி தம்பிதுரைதான். சொன்ன கையோடு பங்காருவுக்கும் போன் செய்திருந்தார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"தப்பான ஆளைக் காட்டிப்போட்டனோன்னு ஒரு பயமுங்க. சோறு எறங்க மாட்டேங்குது. அவன்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா நிம்மதியா இருப்பேன்."

"அவன் இல்லேன்னு சொன்னா?" என்று கேட்டாள் ரம்லா.

ரம்லா, பங்காருவின் உதவியாளர். கோட்டைமேட்டுப் பெண். அவளுடைய ஸ்கூட்டரும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். ஸ்கூட்டருக்காவது பிரேக் உண்டு என்பது பங்காருவின் கருத்து.

தம்பிதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டகையைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். பேச்சு சாமான்கள் பக்கம் திரும்பியதும் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. எல்லாரும் லாரி வாங்கச் சொன்னார்களாம். பங்களா கேட் எட்டடிக்குமேல் இருக்காது, லாரி வாசலிலேயே நின்றுவிடும் என்று கணக்குப் பண்ணி, மிலிட்டரி ஏலத்தில் ஜீப் எடுத்தாராம். முன்பக்கம் மரத்தை இழுக்க வின்ச் வைத்தது, ஜீப்புக்குப் பின்னால் மாட்ட ட்ரெய்லர் செய்தது, பெரிய ரம்பம் ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன ரம்பம் இரண்டு வாங்கியது, எல்லாவற்றுக்கும் காரணம் சொன்னார். காரணங்கள் சரியாகவே இருந்தன.

ஜீப் மட்டும் கொட்டகைக்கு வெளியே, மேட்டில், சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றது. பாட்டரி பழையது, காலையில் உருட்டித்தான் கிளப்ப வேண்டும்; இந்த மாசம் மாற்றலாம், அடுத்த மாசம் மாற்றலாம் என்று தள்ளிப் போய்விட்டது என்றார்.

"என் மாமனாரும் இப்படித்தான் சார்" என்றாள் ரம்லா. "எழுந்திருக்க நாலு பேர் தள்ளணும். எழுந்துட்டா ஊரையே இழுப்பார்."

கடைசியாகக் கயிறுகள். சுவரில் வரிசையாக ஆணி. ஒவ்வோர் ஆணிக்கும் மேலே பெயிண்டில் எழுத்து. தடித்த நார்க்கயிறுகள் மரத்துக்கு. வெள்ளை நைலான் கயிறு மனுஷனுக்கு. கப்பல்காரர்கள் வாங்கும் கடையில், கொச்சியில் போய் வாங்கிவந்தது, முப்பது அடி, உப்புத் தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சொன்னாராம்.

"மரத்துக் கயித்தை மனுசனுக்குக் கட்டக் கூடாது. மனுசன் கயித்தை வேற எதுக்கும் தொடக் கூடாது. தொட்டா அன்னிக்கே கணக்குத் தீத்து அனுப்பிப்போடுவேன்னு சொல்லியிருக்கேனுங்க. அந்தக் கயித்துல ஒரு ஆட்டைக்கூடக் கட்ட உட்டதில்லை."

உள்ளே டெலிபோன் அடித்தது. அவர் போனார்.

அறுந்த கயிற்றின் குட்டைத் துண்டைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தது. நீளத் துண்டு ஆணியில் தொங்கியது. பங்காரு அதை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கோவிலில் மாலையைத் தொடுவது போல விரலுக்கு நடுவில் மெதுவாக ஓட விட்டார். ஓரிடத்தில் நின்றார். கொஞ்சம் தள்ளி இன்னோரிடத்தில் நின்றார். பிறகு கண்ணைத் திறந்து, கையால் சாண் போட்டு அளந்தார்.

"அம்மணி, கத்தியால அறுக்கறவன் எத்தனை இடத்துல அறுப்பான்?"

"புத்தியிருந்தா ஒரே இடத்துல."

"இதுல ஏழு இடம் கெட்டுப் போயிருக்குது. வெறைச்சு, லேசா மஞ்சளாயிருக்குது. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சரியா மூணு சாண். மூணு சாணுக்கு ஒரு காயம்."

ரம்லா வாங்கிப் பார்த்தாள். நகத்தால் கீறியதும் அந்த இடத்தில் இழை பொடிந்து வந்தது. மற்ற இடமெல்லாம் புதுக் கயிறு.

பங்காரு கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்றுக்கு மூன்று சாண். ஏழு சுற்று முடிந்தபோது ஏழு காயங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக, வளையத்தின் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. அவர் கையில் ஒரு வெள்ளை வளையம் இருந்தது. தட்டுக்குச் சின்னது, கிண்ணத்துக்குப் பெரியது.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, ரம்லா பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"சும்மாடு சார். நீங்க தலையில சுமந்திருந்தா உடனே தெரிஞ்சிருக்கும்."

தலைச்சுமை அழுத்தாமல் இருக்க வைக்கிற சும்மாடு. அப்படியானால் மேலே ஒரு சுமை இருந்திருக்கிறது. அது ஒரு பக்கமாகக் கசிந்திருக்கிறது. கசிந்தது தண்ணீரும் இல்லை, எண்ணெயும் இல்லை. பங்காரு வெளியே வந்து ஜீப்பின் பானெட்டைத் தூக்கச் சொன்னார். டிரைவர் காளிச்சாமி தூக்கினார். பாட்டரியின் ஆறு மூடிகளில் ஐந்து கறுப்பு. ஒன்று மட்டும் புதுச் சிவப்பு.

எப்போது மாற்றியது என்று தனக்குத் தெரியாது என்றார் காளிச்சாமி. செவ்வாய்க்கிழமை மாமனார் ஊரில் கெடாவெட்டு, அதனால் லீவு. புதன்கிழமை வந்தபோது பாட்டரிக்குச் சார்ஜ் ஏறியிருந்தது. வழக்கமாக மாசாணம் கடையில்தான் சார்ஜ் போடுவோம், மெயின் ரோட்டில், நடந்தால் பத்து நிமிஷம் என்றார்.

தம்பிதுரை வெளியே வந்தார். என்னங்க ஆச்சு என்று கேட்டார். வேலை முடிகிறவரை கட்சிக்காரரிடம் வாயைத் திறப்பது பங்காருவின் வழக்கம் இல்லை. கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு, ஊருக்குள் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஜீப்பை உருட்டிக் கிளப்பி, தம்பிதுரையே ஓட்டினார்.

மாசாணத்தின் கடையில் பாட்டரிகள் செங்கற்கள் மாதிரி வரிசையாக இருந்தன. என்ஜினை அணைத்தால் மறுபடி தள்ள வேண்டும் என்பதால் தம்பிதுரை வண்டியிலேயே இருந்தார். இருவரும் உள்ளே போனார்கள்.

மாசாணத்துக்கு நன்றாக நினைவிருந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி சுமாருக்கு, மரக் கம்பெனியில் கிளை பொறுக்குகிற ஒரு பெண் பாட்டரியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு மூடி இல்லை. ஓட்டையில் துணியைத் திணித்திருந்தார்கள். துணி ஊறி, ஆசிட் கயிற்றில் இறங்கி, அங்கிருந்து தோளில் சொட்டியிருந்தது. தான் இறக்கி வைத்து, அவள் தோளில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றியதாகச் சொன்னார்.

"சீலை போச்சு, நாளைக்குப் பாருங்க, சல்லடையாயிருமுன்னு சொன்னேனுங்க. அது சிரிச்சுக்கிட்டே போச்சு. கயித்தைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போச்சு. அதைக் கழுவோணும்னு எனக்குத் தோணலைங்க. தோணியிருக்கோணும்."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் கடைத் தரையைப் பார்த்தார்.

படியிறங்கும்போது ரம்லா சொன்னாள், "எறக்க ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு சார். அப்ப ஏத்தவும் ஒரு ஆள் வேணும். இருபது கிலோவை யாரும் தானா தலைக்குத் தூக்கிக்க முடியாது."

பங்காருவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஆசிட்டைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். ஏற்றிவிட்ட ஆளுக்குத் தெரிந்திருந்தால்? நாளைக்கு யார் அந்தக் கயிற்றில் தொங்கப் போகிறார் என்பதும் தெரிந்திருந்தால்? டிரைவர் லீவு. மீதி இருப்பவன் எழில். அவன்தான் என்றால், நான்கு மணிக்கு நடக்கப்போவது நியாயமாகவே நடக்கும்.

மணி ஒன்றரை.

கோவை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டே கால். தம்பிதுரை வண்டியை விட்டு இறங்கவில்லை. சென்னியப்பன் முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லை, நீங்கள் போய்வாருங்கள் என்றார்.

மாடி வார்டில் சென்னியப்பன் காலில் எடை கட்டித் தூக்கிப் படுக்க வைக்கப்பட்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மாசாணியம்மாள். அவளும் தம்பிதுரையிடம்தான் வேலை, கிளை பொறுக்கிக் கட்டுவது. வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து, உட்காருங்க என்று ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தாள். கீழே கஞ்சி கொடுக்கிற நேரம், வாங்கிவந்துவிடுகிறேன் என்று தூக்குப்போசியை எடுத்துக்கொண்டாள்.

அவள் போகத் திரும்பியபோது ரம்லா பங்காருவின் முழங்கையைத் தொட்டாள். பழுப்புச் சேலையின் இடது தோளில், ஊசியால் குத்தினது போல, இருபது முப்பது ஓட்டைகள்.

பங்காரு ஸ்டூலைக் கட்டிலுக்கு அருகில் இழுத்தார்.

"புதன்கிழமை காலையில கட்டும்போதே கயிறு வெறைப்பா இருந்துச்சுங்களா?"

சென்னியப்பன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"யாருங்க சொன்னது?"

"கயிறு சொல்லுச்சு."

பிறகு அவர் மெல்லச் சொன்னார். செவ்வாய்க்கிழமை ராத்திரி மனைவி சேலை ஓட்டையைக் காட்டி, பாட்டரி சுமந்த கதையைச் சொல்லிச் சிரித்தாளாம். எதைச் சும்மாடு வைத்தாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மறுநாள் மரத்தின்மேல் கயிற்றைச் சுற்றிக் கட்டும்போது விரலில் அந்த விறைப்பு பட்டது. மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். எல்லாம் புரிந்துவிட்டது.

"அப்ப ஏன் இறங்கலை?"

"எறங்குனா ஏன்னு கேப்பாங்க. கயித்தை யாரு தொட்டதுன்னு கேப்பாங்க. தொட்டா வேலை போயிருமுங்க, எல்லார்த்துக்கும் தெரியும். இன்னிக்கு ஒரு நாள் தாங்கும், நாளைக்கு அந்த எடத்தை வெட்டிப்போட்டு முடிச்சுப் போட்டுக்கலாம்னு நெனச்சேன்."

"எழிலு?"

சென்னியப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"அவன் சின்னதுல இருந்து என்ற கூட வாரவனுங்க. கோவத்துல பேசுவான், அவ்வளவுதான். ரெண்டு நாள்ல உட்டுருவாங்கன்னு இருந்துபோட்டேன். வாயத் தொறந்தா இவ பேரு வருமுங்க. என்ற காலு போனது தன்னாலன்னு தெரிஞ்சா, இவ உசுரோட இருக்க மாட்டா. அதை மட்டும் சொல்லிப்போடாதீங்க, சாமி."

பங்காரு அவர் கையைத் தொட்டுவிட்டு எழுந்தார். ஒரு வாக்குறுதியும் கொடுக்கவில்லை.

மாடிப்படியில் மாசாணியம்மாள் கஞ்சியோடு எதிரே வந்தாள். பங்காரு ஒதுங்கி நின்றார். ரம்லாதான் பேச்சுக் கொடுத்தாள். அக்கா, சேலை ஏன் இப்படி ஆச்சு என்று ஆரம்பித்தாள். பாட்டரிக் கதை வந்தது. அவ்வளவு கனத்தை யார் தலைக்கு ஏற்றிவிட்டது, எழிலா என்று, ஏதோ போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டாள்.

"அவன் எங்கங்க, அவன் அன்னிக்குக் காரமடையில, முந்தின நாள் உட்டுட்டு வந்த ட்ரெய்லருக்குக் காவலா நின்னான். முதலாளிதானுங்க ஏத்தி உட்டாங்க. வண்டி கெளம்பலை, பாவம், தவிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் கொண்டுபோறேன், சும்மாடுதான் இல்லீங்கன்னு சொன்னேன். ஒரு நார்க்கயித்தை எடுத்தாங்க. அப்பறம், இது உன்ற தலையைக் குத்தும் அம்மணின்னு சொல்லி அதைப் போட்டுப்போட்டு, வெள்ளைக் கயித்தை எடுத்து அவுங்க கையாலயே சுத்திக் கொடுத்தாங்க. எந்த முதலாளிங்க அப்படிப் பாப்பாங்க?"

கஞ்சி ஆறிவிடும் என்று அவள் மேலே ஏறிப் போனாள்.

ரம்லா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பங்காரு அவளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஜீப் வேப்ப மர நிழலில் உறுமிக்கொண்டு நின்றது. பங்காரு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"கயித்தை யாரும் அறுக்கலீங்க. பாட்டரி ஆசிட் தின்னுடுச்சு. செவ்வாக்கிழமை அதைச் சும்மாடு சுத்திக் கொடுத்தது நீங்க."

தம்பிதுரை மறுக்கவில்லை. மறக்கவில்லை என்றார். தலையில் வைத்த கயிறு எப்படிக் கெடும், கடல் தண்ணீரே ஒன்றும் செய்யாதே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாராம். ஆனால் புதன்கிழமை சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பார்த்ததிலிருந்து உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்ததாம். அந்த அரிப்புத் தாங்காமல் எழில் பெயரைச் சொன்னார். சொன்ன பிறகும் அது நிற்கவில்லை.

"மேல ஏறுனவன் பாத்திருக்கலாமில்லீங்க. கயிறு கெட்டிருக்குதுன்னா எறங்கியிருக்கலாமில்லீங்க."

"பாத்தாருங்க. கயித்தைத் தொட்டவங்களுக்கு வேலை போயிரும்னு நீங்க சட்டம் போட்டிருந்தீங்க. தொட்டது நீங்கன்னு அவருக்குத் தெரியாது. சம்சாரம்னு நெனச்சு ஏறிட்டாரு."

தம்பிதுரையின் சட்டம் அது. கொட்டகையில் வைத்துப் பெருமையாகச் சொன்னது.

மணி மூன்று இருபது. பங்காரு குரலை உயர்த்தாமல் சொன்னார், "ஸ்டேஷன் பக்கத்துலதான். நான் போய்ச் சொன்னா நடந்தது எல்லாத்தையும் சொல்லணும், அந்தம்மா பேரும் வரும். நீங்க போய்ச் சொன்னா, எதைச் சொல்றதுங்கறது உங்களுது."

ஜீப் நகர்ந்தது. எந்தப் பக்கம் திரும்பும் என்று ரம்லா பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். முனையில் மேட்டுப்பாளையம் சாலை வலப்பக்கம் வீட்டுக்குப் போனது. தம்பிதுரை இடப்பக்கம் ஒடித்தார்.

இன்ஸ்பெக்டர் கயிற்றையும், அதைச் சுற்றிய வளையத்தையும், ஏழு காயத்தையும் பொறுமையாகப் பார்த்தார். நகத்தால் கீறியும் பார்த்தார். பிறகு ரைட்டரைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். தம்பிதுரை நின்றுகொண்டே சொன்னார். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தது நான். சும்மாடாகச் சுற்றியது நான். பழைய பாட்டரியை மாற்றாமல் வைத்திருந்தது நான். எழில் மேல் சந்தேகம் என்று சொன்னதும் நான், அது தப்பு.

"கடைக்குச் சுமந்துக்கிட்டுப் போனது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நான்தானுங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். "நீங்களா? கவுண்டரே, நீங்க தலையில சுமந்தீங்களா?"

"ஆமாங்க. எழுதிக்குங்க."

ரைட்டர் எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்குத் தாள் பங்காருவிடம் வந்தது. அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். பொய் இருந்த வரியின் மேல் விரல் ஒரு கணம் நின்றது. கையெழுத்துப் போட்டார். தேதியையும் நேரத்தையும் போட்டார்: மூன்று ஐம்பது.

எழிலை வெளியே கொண்டுவந்தார்கள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். ஒரு கையால் சட்டையைச் சேர்த்துப் பிடித்திருந்தான். தம்பிதுரை அவனிடம், ஜீப்பில் ஏறு கண்ணு, வீட்டில் விடுகிறேன் என்றார். அவன் ஏறவில்லை. கோபமாகவும் இல்லை. முதலாளியைத் தாண்டி, பங்காருவிடம் வந்து நின்றான். கண்டுபிடித்தவர் இவர்தான் என்று உள்ளே யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"சென்னியண்ணன் என்மேல சந்தேகப்பட்டாருங்களா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மத்தவிய நெனச்சதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லைங்க."

ரம்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்கூட இல்லை, தம்பி" என்றார் பங்காரு.

எழிலின் முகம் மலர்ந்தது. தனக்குத் தெரியும் என்றான். உள்ளே இருந்த நேரமெல்லாம் அதை நினைத்துத்தான் தாங்கிக்கொண்டானாம். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அக்கா ஒருத்தியாக எத்தனை நாள் பார்த்துக்கொள்வாள், தான் துணைக்கு இருந்தால் அண்ணனுக்குத் தைரியமாக இருக்கும் என்றான். பங்காருவைக் கும்பிட்டுவிட்டு, கால் கொஞ்சம் இழுக்க, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

"நீங்க சொன்னதுல பொய் இல்லையே சார்" என்றாள் ரம்லா, மெதுவாக.

"இல்லை" என்றார் பங்காரு. "எல்லாம் தெரிஞ்சவருக்குச் சந்தேகம் எதுக்கு வரும்?"

டவுன் பஸ் வந்து நின்றது. எழில் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தபடி கையைத் தூக்கிக் காட்டினான். பங்காருவும் கையைத் தூக்க வேண்டியிருந்தது.